கணக்கில் வராத கடை

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரத்தில் புள்ளிவிவரம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நேரம் ஒதுக்கியவருக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். பலகையில் நான் எழுதும் இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

முதல் எண் 61.8. இரண்டாவது எண் 8. இரண்டும் சதவீதம். இரண்டும் கொரோனா காலத்தில் நம் நாட்டுக் கிராமப்புறக் குழந்தைகளின் படிப்பு குறித்து வெளியானவை.

2020 செப்டம்பரில் அசர் கணக்கெடுப்பு நடந்தது. பள்ளியில் பெயர் உள்ள கிராமப்புறக் குழந்தைகளில் 61.8 சதவீதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாக அது சொன்னது. 2018இல் இதே எண் 36.5 ஆக இருந்தது. இரண்டே ஆண்டில் இவ்வளவு உயர்வு. செய்தித்தாளில் இதைப் படித்தவர்களுக்கு, பரவாயில்லை, ஐந்தில் மூன்று பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பு போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் தோன்றியிருக்கும்.

ஓராண்டு கழித்து, 2021 ஆகஸ்டில், பொருளியல் அறிஞர்கள் ஜீன் டிரீஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த 'ஸ்கூல்' கணக்கெடுப்பு 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் நடந்தது. தமிழ்நாடும் அதில் உண்டு. ஏறத்தாழ 1,400 குழந்தைகளை நேரில் பார்த்தார்கள். கிராமப்புறத்தில் ஒழுங்காக இணையவழியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் 8 சதவீதம். எதுவுமே படிக்காமல் இருந்தவர்கள் 37 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் நான் ஒன்பதாம் வகுப்பில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எது பொய் டீச்சர்?" என்பது. இரண்டும் பொய்யில்லை. நாம் கீழ் வகுப்பிலேயே பின்னம் நடத்தும்போது தொகுதி, பகுதி என்று சொல்லித் தருகிறோம். கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. சதவீதம் என்று வந்தவுடன் பகுதியை மறந்துவிடுகிறோம். அது எப்போதும் 100 என்பதால் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த 100 பேர் யார் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

அசர் குழுவினர் வழக்கமாக வீடு வீடாகப் போகிறவர்கள். 2020இல் போக முடியவில்லை. 2018இல் போனபோது குடும்பங்கள் கொடுத்திருந்த தொலைபேசி எண்களில் இருந்து தேர்ந்தெடுத்து அழைத்தார்கள். 52,227 வீடுகளில் பேசினார்கள். தொற்றுக் காலத்தில் அதைவிடச் சிறப்பாக யாரும் செய்திருக்க முடியாது. ஆனால் யாருக்கு அந்த அழைப்பு போய்ச் சேராது என்று யோசியுங்கள். தொலைபேசியே இல்லாத வீடு. ரீசார்ஜ் செய்யக் காசில்லாமல் எண் செத்துப்போன வீடு. பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போய்ப் புது சிம் வாங்கிய வீடு. ஸ்மார்ட்போன் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று சொல்ல அதிக வாய்ப்புள்ளவர்கள் பகுதியிலிருந்தே கழன்றுவிட்டார்கள்.

'ஸ்கூல்' குழுவினர் இதற்கு நேர் எதிர்த்திசையில் போனார்கள். பிள்ளைகள் பொதுவாக அரசுப் பள்ளிக்குப் போகும் வசதி குறைந்த குடியிருப்புகளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, அங்கே உள்ள பிள்ளைகளைத் தேடிப் பார்த்தார்கள். ஆகவே 8 என்பது மொத்த இந்தியக் கிராமங்களுக்கான எண் ஆகாது. மேடையில் அதை அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களும் பகுதியைப் பார்க்காதவர்கள்தான்.

இன்னொன்று, கேள்வியே வேறு. ஒன்று 'வீட்டில் போன் இருக்கிறதா', மற்றது 'பிள்ளை படிக்கிறதா'. போனுக்கும் பிள்ளைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரியாததா? போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இருந்தால் அண்ணன் கையில் இருக்கும். அவன் வைத்தால் சார்ஜ் இருக்காது, சார்ஜ் இருந்தால் டேட்டா தீர்ந்திருக்கும். 'ஸ்கூல்' கணக்கெடுப்பிலேயே, ஸ்மார்ட்போன் உள்ள கிராமத்து வீடுகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் ஒழுங்காக இணையத்தில் படித்தவர்கள் 15 சதவீதம்தான். அசர் அறிக்கையிலும் இன்னொரு எண் இருந்தது. கணக்கெடுத்ததற்கு முந்தைய வாரத்தில் பள்ளியிலிருந்து ஏதாவது ஒரு கற்றல் பொருள் வந்து சேர்ந்த பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். இதுவும் 61.8உம் ஒரே அறிக்கையில் இருந்தவை. தலைப்புக்குப் போனது 61.8.

இதை ஏன் இத்தனை நாள் கழித்துப் பேசுகிறேன் என்றால், 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை 2025-26இல் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. அந்தப் பிள்ளையை 61.8ஐ மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், 'எல்லார் வீட்டிலும்தான் போன் இருந்தது, கல்வித் தொலைக்காட்சியும் ஓடியது, இதற்கு அக்கறை இல்லை' என்று சொல்லத் தோன்றும். 8ஐ மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் முதலில் ஒரு கேள்வி கேட்கத் தோன்றும். இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் தொடங்கியபோது தன்னார்வலர்கள் தெருவுக்குத் தெரு பார்த்தது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

சரி, பள்ளிக்கூடத்தைப் பற்றி நமக்கே தெரியும். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் அடுப்பு எரிந்ததா, அப்பாவின் கடை என்ன ஆனது என்ற பக்கத்துக்கு வருகிறேன்.

சிட்பி எனப்படும் இந்தியச் சிறு தொழில் வளர்ச்சி வங்கி ஓர் ஆய்வு நடத்தியது. அதன் முடிவுகளை 2022இல் மத்திய அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். 20 மாநிலங்கள், 2 யூனியன் பிரதேசங்களில் 1,029 குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களிடம் கேட்டிருந்தார்கள். 2020-21 நிதியாண்டில் மூன்று மாதமோ அதற்கு மேலோ தற்காலிகமாக மூடியிருந்தவை 67 சதவீதம். வருமானம் கால் பங்குக்கும் மேல் குறைந்தவை பாதிக்கும் அதிகம்.

"கோடிக்கணக்கான தொழில்கள் இருக்கும் நாட்டில் 1,029 பேரைக் கேட்டால் போதுமா?" என்று ஒரு பயிற்சியில் நண்பர் ஒருவர் கேட்டார். எண்ணிக்கை சிறியது என்பது அவ்வளவு பெரிய குறை இல்லை. சோறு வெந்ததா என்று பார்க்கப் பானை முழுவதையும் பிசைய வேண்டியதில்லை, ஆனால் கிளறிவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். நான் பார்க்கச் சொல்வது 'தற்காலிகமாக' என்ற சொல்லை. தற்காலிகமாக மூடினோம் என்று யாரால் சொல்ல முடியும்? மறுபடியும் திறந்தவரால்தான் சொல்ல முடியும். ஒரேயடியாக இழுத்துச் சாத்தியவரிடம் போய்க் கேட்கக் கடையும் இல்லை, பலகையும் இல்லை.

காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது, "வராதவங்கல்லாம் கை தூக்குங்க" என்று விளையாட்டாகச் சொல்வோமே, அதுதான் இது. எழும் கைகளை எண்ணினால் வராதவர் எண்ணிக்கை எப்போதும் பூச்சியம்.

வகுப்பில் நடத்த ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கடைவீதியில் 100 கடைகள். தொற்று வந்து 20 கடைகள் நிரந்தரமாக மூடிவிட்டன. இரண்டு ஆண்டு கழித்துக் கணக்கெடுக்கப் போகிறோம். மிச்சமிருக்கும் 80இல் 40 கடைக்காரர்கள், பழைய வியாபாரம் திரும்பிவிட்டது என்கிறார்கள். அறிக்கையில் 'பாதிக் கடைகள் மீண்டன' என்று எழுதுவோம். உண்மையில் மீண்டது 100இல் 40. இன்னும் ஓராண்டு கழித்துப் போகிறோம். அதற்குள் தள்ளாடிக்கொண்டிருந்த 20 கடைகளும் மூடிவிட்டன. மிச்சம் 60. அதில் அதே 40 பேர் நன்றாக இருக்கிறோம் என்கிறார்கள். இப்போது 'மூன்றில் இரண்டு பங்குக் கடைகள் மீண்டன'. ஒரு கடைகூடப் புதிதாகத் தேறவில்லை, 20 கடைகள் செத்திருக்கின்றன, சதவீதம் 50இலிருந்து ஏறத்தாழ 67 ஆகிவிட்டது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கலைக்காதீர்கள்.

எங்கள் பள்ளி திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் புள்ளியியல் பாடம் வரும்போது பாடப்புத்தகத்தில் உள்ள எண்களுக்குப் பதிலாகப் பிள்ளைகளே சேகரித்த எண்களை வைத்துச் சராசரி, இடைநிலை, முகடு போடச் சொல்வது என் வழக்கம். ஓராண்டு, பேருந்து நிறுத்தத்திலிருந்து சந்தை வரை உள்ள கடைகளைப் பிரித்துக் கொடுத்து, கொரோனா காலத்தில் எத்தனை மாதம் மூடியிருந்தீர்கள், வியாபாரம் எவ்வளவு குறைந்தது என்று கேட்டுவரச் சொன்னேன். வந்த விடைகளைப் பலகையில் அட்டவணையாகப் போட்டோம். போட்டு முடித்ததும், எப்போதும் கேட்பது போல, "இந்தப் பட்டியல்ல யாரு இல்ல?" என்று கேட்டேன். நடைபாதைக் கடைகள் இல்லை, தள்ளுவண்டி இல்லை, சந்தை நாளில் மட்டும் வருகிறவர்கள் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "எங்கப்பா கடை இல்லீங்களே டீச்சர்" என்றாள்.

அவளுடைய அப்பா அந்த வீதியில் தையல் கடை வைத்திருந்தவர். ஊரடங்கில் கல்யாணங்கள் எளிமையாகின, பள்ளிச் சீருடை தைக்க ஆளில்லை, வாடகை நின்றது. கொடுத்திருந்த அட்வான்ஸ் வாடகையில் கழிந்துபோனதும் மிஷின்களை விற்றுவிட்டுப் பனியன் கம்பெனிக்கு பீஸ் ரேட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எங்கள் பிள்ளைகள் அந்தக் கடைக்கும் போயிருக்கிறார்கள். அவர், "நாங்க ஆரம்பிச்சதே அதுக்கப்புறந்தான் தம்பி, எங்களுக்கு ஒண்ணும் பாதிப்பு இல்ல" என்று சொல்லியிருக்கிறார். எழுதியவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். அதே வாசல், அதே ஷட்டர். எங்கள் அட்டவணையில் அதற்கு நேரே 'பாதிப்பு இல்லை' என்று இருந்தது.

தொழில் கணக்கெடுப்பில் விடுபட்ட அந்தத் தகப்பனார் குடும்பக் கணக்கெடுப்பிலாவது சிக்குவாரா என்று அன்று மாலை யோசித்தேன். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில், நடப்பு வார நிலை என்ற அளவின்படி, முந்தைய ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் ஒருவர் வேலையில் இருப்பவர். சொந்தத் தொழில் இருந்து, ஏதோ காரணத்தால் அந்த வாரம் அதில் வேலை நடக்கவில்லை என்றாலும் வேலையில் இருப்பவர்தான். ஆக, கடையைப் பூட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாதங்களிலும் அவர் 'வேலையில் இருப்பவர்' என்று பதிவாகியிருக்கலாம். கம்பெனிக்குப் போன பிறகும் வேலையில் இருப்பவர். முதலாளியாக இருந்தவர் கூலியாளாக ஆனது வேலையின்மை விகிதத்தில் ஒரு புள்ளிகூட அசைக்காது. இந்த அளவுகோலை வைத்தே 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நகர்ப்புற வேலையின்மை 20.9 சதவீதம் வந்தது என்றால், மாத முடிவில் கையில் என்ன வந்தது என்று கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை அந்தப் பக்கத்தையும் பார்த்தது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் சுமார் 10 கோடிப் பேர் வேலை இழந்தார்கள், ஆண்டு முடிவில் அதில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலைக்குத் திரும்பினார்கள், சுமார் 1.5 கோடிப் பேருக்கு மட்டும் வேலை இல்லை என்றது. இத்தோடு நிறுத்தினால் நல்ல செய்தி. ஆனால் திரும்பியவர்கள் எந்த வேலைக்குத் திரும்பினார்கள் என்றும் அறிக்கை கேட்டது. மாதச் சம்பளமும் சலுகைகளும் இருந்த முறைசார்ந்த வேலையில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முறைசாராத வேலைகளுக்குப் போயிருந்தார்கள்.

இங்கே சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பம் என்றும் தொழில் என்றும் நாம் இரண்டு படிவமாகப் பிரிக்கிறோமே, நம் ஊரில் அவை இரண்டா? வீட்டுத் திண்ணையில் இட்லி விற்கிற அம்மாவுக்கு அரிசி வீட்டு அரிசியா, கடை அரிசியா? கடைக்குச் சரக்கு வாங்க அடகு வைத்த சங்கிலி குடும்பக் கடனா, தொழில் கடனா? அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2020 ஏப்ரல் கடைசியில் 'நாடித்துடிப்பு' என்ற பெயரில் இரண்டு விரைவுக் கணக்கெடுப்புகளைத் தொடங்கியது. குடும்பங்களுக்கு ஒன்று, சிறு தொழில்களுக்கு ஒன்று. அரசு அறிக்கை என்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்ற நிலையை மாற்றி வாரா வாரம் முடிவு வெளியிட்டார்கள். முதல் வாரத்திலேயே சிறு தொழில்களில் 10க்கு 9, பாதிப்பு பெரிது அல்லது ஓரளவு என்றன. பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், மார்ச் நடுவிலிருந்து தங்கள் வீட்டில் யாருக்காவது வேலை வருமானம் குறைந்தது என்றார்கள். மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அனுப்பிய குடும்பப் படிவத்துக்குப் பதில் சொன்னவர்கள் 100க்கு 5 பேருக்கும் குறைவு. அதை மறைக்காமல், இது சோதனை முயற்சி என்று அறிக்கையிலேயே எழுதினார்கள். எனக்குப் பிடித்தது அந்த நேர்மைதான்.

ஆனால் அந்தச் சிறு தொழில் படிவம் யாருக்குப் போனது? சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும், 1 முதல் 499 பேர் வரை பணியாற்றும் தொழில்களுக்கு.  அதே வரையறையை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? 2015-16இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 73ஆவது சுற்று, வேளாண்மை அல்லாத முறைசாராத் தொழில்களை எண்ணியது. 6.34 கோடி தொழில்கள். அவற்றில் சுமார் 84 சதவீதம், கூலிக்கு ஆள் வைக்காமல் தானும் தன் குடும்பமுமாக நடத்துபவை. அமெரிக்கப் படிவத்தை வைத்துக் கேட்டால் நம்மில் 100க்கு 84 கடைகளுக்குப் படிவமே போகாது. பெட்டிக்கடை, தையல் கடை, சலூன், பூக்கடை எல்லாம் காணாமல் போய்விடும். வெளிநாட்டுக் கேள்வித்தாளை இங்கே பெயர்த்து எழுதி ஆய்வு செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

அந்த 6.34 கோடி பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்து இதே வகைத் தொழில்களை எண்ணிய கணக்கெடுப்பு 2021-22இல் 5.97 கோடி என்றது. வேலை செய்தவர்கள் 11.13 கோடியிலிருந்து 9.79 கோடி. இதை அப்படியே கழித்து, 'கொரோனாவால் 37 லட்சம் தொழில்கள் அழிந்தன' என்று எழுதலாமா? எழுதியிருக்கிறார்கள். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி. 2020 மார்ச்சில் ஊரடங்கு. மூன்றும் இந்த இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே நடந்தவை. முதல் இடைப்பருவத் தேர்வு எழுதிய பையன் நேரே ஆண்டுத் தேர்வுதான் எழுதினான், நடுவில் எந்தத் தேர்வும் வைக்கவில்லை என்றால் அவன் மதிப்பெண் எந்த மாதத்தில் குறைந்தது என்று யார் சொல்ல முடியும்? மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று இந்த எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. 2022-23இல் இந்த எண்ணிக்கை 6.50 கோடியாக உயர்ந்தது. அதுவும் மகிழ்ச்சி தரும் எண்தான். புதிய கடைகள் வந்திருக்கின்றன. அந்த 6.50 கோடியில் எங்கள் ஊர்ச் செல்போன் கடை இருக்கலாம். தையல் கடை மீண்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

இது நம் கைக்கு வரும் இடத்துக்கு வருகிறேன். கணக்கெடுப்பு என்று யார் சொன்னாலும் கடைசியில் படிவத்தோடு தெருவில் நிற்கப் போவது நாம். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நம்முடையது. எமிஸ் நம்முடையது. வாக்காளர் பட்டியல் வேலையும் வருகிறது. 1881இலிருந்து பத்து ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021இல் தொற்றால் நடக்கவில்லை. இப்போது 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக அறிவித்திருக்கிறார்கள், கைப்பேசிச் செயலி வழியாக. நம்மில் பலர் கழுத்தில் அடையாள அட்டையோடு கிளம்ப வேண்டியிருக்கும்.

நூறாண்டுக்கு முந்தைய தொற்று வீடுகளை என்ன செய்தது என்பதற்கு நமக்கு இருக்கும் பெரிய சாட்சி ஒரு கணக்கெடுப்புதான். 1911இல் சுமார் 25.2 கோடி, 1921இல் சுமார் 25.1 கோடி. நம் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அது, 1918 இன்ஃபுளுயென்சாவின் தடம். பெரும் பிரிவினை ஆண்டு என்று புவியியலில் நடத்துகிறோம். அந்தக் காய்ச்சலில் எத்தனை தறி நின்றது, எத்தனை கடை மூடியது என்று அப்போது யாரும் வாசலில் வந்து கேட்கவில்லை. அதனால் நமக்குத் தெரியாது. இந்த முறை கேட்டார்கள், குறைகளோடு கேட்டார்கள். கேட்டது பெரிய விஷயம். ஆனால் கிராமங்களில் அவர்கள் மாதிரி எடுத்த ஊர்ப் பட்டியல் பெரும்பாலும் 2011க்கு உரியது. பத்து ஆண்டில் ஊர் எவ்வளவு மாறிவிட்டது என்று பனியன் ஊர்க்காரர்களான நமக்குச் சொல்லத் தேவையில்லை. பட்டியலில் வெறும் காடாக இருந்த இடத்தில் இன்று லைன் வீடுகள்.

அதனால் தெருவில் நிற்கும்போது ஒரு சின்ன விஷயம் கவனியுங்கள். கதவு பூட்டியிருக்கும் வீடு. நமக்கு வேலை முடிய வேண்டும், வெயில் வேறு. பக்கத்து வீட்டு அக்கா, "அவங்கல்லாம் ஊருக்குப் போய்ட்டாங்க" என்பார். 'வெளியூர் சென்றுவிட்டனர்' என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. அந்தப் பூட்டும் ஒரு விவரம். எந்தத் தேதியில் போனோம், யார் சொன்னது, எந்த ஊருக்கு, பிள்ளைகள் எத்தனை என்று படிவத்தின் ஓரத்திலாவது, நம் குறிப்பேட்டிலாவது எழுதி வையுங்கள். இன்னொரு நாள், இன்னொரு நேரத்தில் போய்ப் பாருங்கள். இரவு ஷிப்ட் போகிறவர்கள் பகலில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே தூங்குகிறவர்களாகவும் இருக்கலாம். எமிஸில் காமன் பூலுக்கு ஒரு பிள்ளையை அனுப்பும்போதும் இதேதான். அனுப்புவது ஒரு சொடுக்கு. மூன்று மாதம் கழித்து வேறு எந்தப் பள்ளியும் அந்தப் பெயரை எடுக்கவில்லை என்றால், அது மாவட்டக் கணக்கில் ஒரு எண். நமக்கு அது யார் பிள்ளை என்று தெரியும். அந்த அளவில் நம்மிடம் இருக்கும் தரவு எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இல்லை.

தெரியாததைத் தெரியும் என்று நிரப்பாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாத வருமானம் என்ற கட்டம் காலியாக இருந்தால் செயலி அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. அதற்காக எல்லார் வீட்டுக்கும் ஒரே தொகையைப் போட்டால், அந்தத் தெருவில் தொற்று யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கையொப்பம் இட்டதாக ஆகிவிடும். விடாத செயலியைப் பற்றி மேலே எழுதுவதற்கும் நமக்கு உரிமை உண்டு, எழுதுங்கள்.

வகுப்பறைக்கு வருவோம். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஒரு செயல்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். பிள்ளைகளை ஒரு தெருவின் வரைபடம் போடச் சொல்லுங்கள். இன்று இருக்கும் கடைகளை மையால் குறிக்கட்டும். பிறகு 2019இல் அங்கே என்ன இருந்தது என்று விசாரித்துப் பென்சிலால் குறிக்கட்டும். யாரிடம் விசாரிப்பது என்பதும் பாடம்தான். தபால்காரரிடம் கேட்கலாம், டீ மாஸ்டரிடம் கேட்கலாம், தெருவில் நெடுநாளாக இருக்கும் பாட்டியிடம் கேட்கலாம். பழைய கடை இருந்து இப்போது வேறு கடை இருந்தால் இரண்டும் ஒரே கட்டத்தில் வரட்டும். பிறகு இரண்டு சதவீதம் போடட்டும்: இன்றைய கடைகளை மட்டும் பகுதியாக வைத்து ஒன்று, 2019இல் இருந்த கடைகளைப் பகுதியாக வைத்து இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே எழுதட்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதையே சுருக்கி, 'நம் தெருவில் முன்பு இருந்தது, இப்போது இருப்பது' என்று படமாக வரையச் சொல்லலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது முடியும்.

ஒன்றில் மட்டும் கவனம். "யார் வீட்டுல கடை மூடினீங்க, எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் கேட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பலகையில் பெயர் எழுத வேண்டாம். அந்தப் பெண் அன்று சொன்னதை நான் 'விடுபட்ட கடை 1' என்று மட்டும்தான் எழுதினேன். மறுநாள் வகுப்பில் இன்னும் மூன்று பேர் வந்து, அவரவர் தெருவில் விடுபட்ட கடைகளைச் சொன்னார்கள். ஒருவன் சொன்னது அவன் மாமாவின் டிபன் கடை. இன்னொருவன் சொன்ன சலூன்காரர் சொந்த ஊருக்கே போய்விட்டாராம். அட்டவணையின் கீழே புதிதாக வரிசைகள் போட்டுக்கொண்டே போனோம். சராசரியை மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டியிருந்தது, பாடம் இரண்டு பீரியடு தள்ளிப்போனது.

வரைபடச் செயல்பாட்டுக்கான படிவ மாதிரி மேசையில் இருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தெரு வரைபடத்தைக் கொண்டுவாருங்கள், ஒட்டிப் பார்ப்போம்.